மானியமும் மாதப் பங்கும்

குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களைப் பற்றி அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

மலையிலிருந்து இறங்கி வரும் கோதையாறு, திற்பரப்பில் அகன்ற பாறையின்மேல் பரவி அருவியாய் விழுகின்றது. மகாதேவர் கோயிலின் அருகே விழும் அந்நீர், பின்னர் திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் பறளியாற்றுடன் கூடிக் குழித்துறை வழியாகச் சென்று, தேங்காய்ப்பட்டினத்தில் கடலை அடைகின்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் பெறும் நாடு இது. இத்தகைய இடத்தில் குடிநீரைப் பற்றிப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும்.

ஆறு பக்கத்தில் ஓடுவது வேறு. குடிக்கத் தகுந்த நீர் நாள்தோறும் வீட்டை வந்தடைவது வேறு. நம் பகுதியில் ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகளில் வீடு கட்டி வாழ்வோர் பலர். மனையின் ஒரு மூலையில் கிணறு இருக்கும். மற்றொரு மூலையில் கழிப்பறைக் குழி இருக்கும். அடுத்த மனைக்காரரின் குழி நம் கிணற்றுக்கு இன்னும் அருகில் இருப்பதும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, குழியின் நீரும் கிணற்றின் நீரும் மண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் பரவுவதற்கு இது ஒரு முக்கிய வழி.

இதனைச் சீர்செய்ய அரசாங்கங்கள் மானியம் தருகின்றன. அம்மானியம் எவ்வாறு வருகின்றது, நம்மிடம் எதனை எதிர்பார்க்கின்றது, வந்த பின் அது ஏன் சில ஊர்களில் நிலைக்கின்றது, சில ஊர்களில் வீணாகின்றது என்பவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நன்று. தறியில் அமர்வோருக்கும் தோட்டத்தில் நிற்போருக்கும் இது பொதுவான காரியம்.

1. மூன்று வகைப் பணம்

ஒரு பொதுத் திட்டத்துக்குப் பணம் மூன்று வழிகளில் வரும். முதலாவது மானியம், அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டாவது கடன்; அதை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது பயன் பெறுவோரின் பங்கு. சங்கத்தின் வரவுசெலவுக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மானியம் பெரும்பாலும் கட்டுவதற்குத் தரப்படுவது. தொட்டி, குழாய், மோட்டார், சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றை அமைப்பதற்கு அது உதவும். மோட்டாரின் மின்கட்டணம், நீர் திறப்பவரின் ஊதியம், குளோரின் மருந்து, உடைந்த குழாயின் பழுது ஆகியவை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் செலவுகள். அவற்றைச் சுமப்பது உள்ளாட்சியும் மக்களுமே.

2. மானியம் வந்த வழி

1954-ஆம் ஆண்டில், முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், மத்திய அரசாங்கம் தேசியக் குடிநீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. அப்போது திற்பரப்பு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. 1972-73-இல் மத்திய அரசாங்கத்தின் துரித கிராமக் குடிநீர்த் திட்டம் வந்தது.

அக்காலத் திட்டங்களில் அரசாங்கமே கட்டியது. பழுதையும் அரசாங்கமே பார்க்கும் என்று மக்கள் எண்ணினர். கைப்பம்பின் பிடி உடைந்தாலும் மனு எழுதிக் காத்திருந்தனர். இக்குறையை உணர்ந்து, 2002-இல் தொடங்கிய சுவஜல்தாரா திட்டம் முறையை மாற்றிற்று. கட்டும் செலவில் 10 விழுக்காட்டை ஊர்மக்கள் தர வேண்டும். கட்டிய பின் நடத்தும் பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும் என்பது அதன் விதி.

2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் கிராம ஊராட்சிகளுக்கு உரியது. ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பது அதன் இலக்கு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்கின்றன. ஊருக்குள் அமைக்கும் பணிகளின் செலவில் பொதுவாக 10 விழுக்காடு மக்கள் பங்கு. மலைப்பாங்கான, காடு சார்ந்த பகுதிகளிலும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 விழுக்காடு. முதலில் 2024 வரை என்று வகுக்கப்பட்ட இத்திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025-ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டது.

திற்பரப்பு பேரூராட்சி ஆதலின் நகர்ப்புறத் திட்டங்களின் கணக்கில் வருகின்றது. 2021 அக்டோபர் 1-இல் இரண்டு திட்டங்கள் தொடங்கின. ஒன்று அம்ருத் 2.0; மற்றொன்று தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கம் 2.0. முன்னதில், 1 லட்சத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் ஊர்களின் குடிநீர்ப் பணிகளுக்கு மத்திய அரசாங்கம் பாதிச் செலவைத் தர இசைந்தது. அத்தொகை 20, 40, 40 விழுக்காடு என மூன்று தவணைகளில் வரும். முதல் தவணையை ஒழுங்காகச் செலவிட்டதற்குச் சான்று காட்டினால்தான் அடுத்த தவணை கிட்டும். பின்னதில், 1 லட்சத்துக்குக் குறைந்த மக்கள் தொகையுடைய ஊர்களின் கழிவுநீர் மேலாண்மைக்கு இடம் வகுக்கப்பட்டது.

15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த உள்ளாட்சி மானியத்திலும், ஊராட்சிகளுக்கும் சிறு நகரங்களுக்கும் உரிய தொகையில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் எனக் கட்டுப்படுத்தப்பட்டது. மாநிலத்தின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுப் பணியின் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசாங்கம் தரும்.

திட்டங்களின் பெயர்களும் காலக்கெடுவும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாதவை மூன்று: மக்கள் பங்கு, தவணை முறை, கணக்குச் சான்று. இம்மூன்றும் கூட்டுறவு அங்கத்தினருக்குப் பழகிய பாதைகள்.

3. எவ்வளவு நீர், எத்தகைய சாக்கடை?

குடிநீரைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் கழிவுநீரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆயினும் வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். குழாய் வந்தபின் பழைய வாளிக் கணக்கு போய்விடும். நீர் பெருகும், அழுக்கு நீரும் பெருகும். அதற்கு வழி செய்யாத குடிநீர்த் திட்டம் பாதித் திட்டமே.

அப்படியாயின் பாதாளச் சாக்கடை கேட்கலாமா? இங்கே ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசாங்கம் 1999-இல் வெளியிட்ட குடிநீர்க் கையேட்டின்படி, பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளொன்றுக்கு 70 லிட்டர் போதும். அச்சாக்கடை அமைந்த நகருக்கு 135 லிட்டர் வேண்டும். காரணம் எளிது. சாக்கடைக் குழாயில் அழுக்கைத் தள்ளிச் செல்லப் போதிய வேகத்தில் நீர் ஓட வேண்டும். நீர் குறைந்தால் அழுக்கு தங்கி அடைத்துக்கொள்ளும். வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத்தில் அது ஈடேறும். மேடும் பள்ளமுமாய், ரப்பர்த் தோட்டங்களின் இடையே வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில், நீளமான குழாயும் இடையிடையே ஏற்று நிலையங்களும் வேண்டியிருக்கும். கட்டும் செலவுக்கு மானியம் கிடைத்தாலும் நடத்தும் செலவு ஊரை அழுத்திவிடும்.

இவ்வகை ஊர்களுக்கு ஏற்ற வழியைச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சி காட்டியுள்ளது. 2017-இல் அங்கே தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் செயற்படத் தொடங்கிற்று. கருங்குழியிலும் அடுத்துள்ள மதுராந்தகத்திலும் வீட்டுத் தொட்டிகளில் சேரும் கசடை லாரிகள் உறிஞ்சிக் கொண்டுவந்து அங்கே சேர்க்கின்றன. கசடு உலர்த்தப்பட்டு உரமாக மாற்றப்படுகின்றது. நீர் தனியே சுத்திகரிக்கப்படுகின்றது. ஓர் ஊருக்குப் பெரிதாகத் தோன்றும் நிலையம் இரண்டு ஊர்கள் சேர்ந்தால் கட்டுப்படியாகிவிடுகின்றது.

இம்முறை பயன் தர வேண்டுமாயின் வீட்டுத் தொட்டி சரியாக இருக்க வேண்டும். அடித்தளமும் சுவரும் பூசப்பட்டு, இரண்டு அறைகளாய் அமைந்து, உறிஞ்சு குழியுடன் இணைந்திருப்பதே தொட்டி. வளையங்களை அடுக்கிய வெறுங்குழியைத் தொட்டி என்று சொல்லிக்கொள்வதால் பயனில்லை. கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 10 மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். வெடிப்புள்ள பாறை நிலத்தில் அதுவும் போதாது. தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இயந்திரத்தால் வெறுமையாக்க வேண்டும். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வித்தல் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். மனச்சான்றின்படி அதனினும் பெரிய குற்றம்.

4. ஆலந்தூர் சொல்லும் செய்தி

பணம் திரட்டும் முறைக்கு நம் மாநிலத்திலேயே புகழ்பெற்ற சான்று ஆலந்தூர். சென்னையை அடுத்து அப்போது தனி நகராட்சியாக இருந்த அவ்வூர், 1990-களின் இறுதியில் ஏறத்தாழ 34 கோடி ரூபாய் மதிப்பில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுத்தது. மானியமும் கடனும் சேர்ந்தும் தொகை நிரம்பவில்லை. ஆகவே வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிலையங்களுக்கு 10,000 ரூபாய் என மக்களிடமே முன்பணம் கேட்டது.

சாக்கடை வெட்டுவதற்கு முன்பே 5,000 ரூபாயை யார் தருவார்கள்? நகராட்சித் தலைவரும் உறுப்பினரும் குடியிருப்போர் சங்கங்களைத் தெருத்தெருவாகக் கூட்டினர். செலவு எவ்வளவு, மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதை ஒளிக்காமல் கூறினர். மக்கள் நம்பினர், திட்டச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் தந்த பணமே ஆயிற்று. 2000-ஆம் ஆண்டில் பணி தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறைவேறிற்று. இணைப்புப் பெற்ற வீடுகள் மாதம் 150 ரூபாய் செலுத்தலாயின. பின்னர் 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது.

சிற்றூர்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு. தனித்தனியே கடன் பெறும் தகுதியில்லாத 13 உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து, 2002-03-இல் குடிநீர், சுகாதாரக் கூட்டு நிதியத்தின் வழியாக 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தொடக்கச் சங்கங்கள் சேர்ந்து மத்திய வங்கி அமைப்பதைப் போன்றதே இது.

எல்லைக்கு அப்பால், கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த ஒளவண்ணா ஊராட்சி இன்னும் நம் மனத்துக்கு நெருங்கியது. அங்கே சில பத்து வீடுகள் சேர்ந்து சங்கம் அமைத்து, பங்கு போட்டு, கிணறும் தொட்டியும் குழாயும் அமைத்து, மாதக் கட்டணம் வாங்கித் தாமே நடத்தினர். பிற்காலத்தில் கேரள அரசாங்கம் வகுத்த ஜலநிதித் திட்டத்தில் அரசாங்கம் 75, ஊராட்சி 10, பயனடைவோர் 15 விழுக்காடு என்று பங்கு வகுக்கப்பட்டது.

ஆலந்தூரின் குழாயை நாம் திற்பரப்பில் பதிக்க வேண்டியதில்லை. அவ்வூரார் கணக்கைத் திறந்து வைத்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

5. ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். வீடுகள் 200, வீட்டுக்கு 5 பேர் எனில் மக்கள் 1,000. ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 55,000 லிட்டர் நீர் வேண்டும். அதில் 80 விழுக்காடு, அதாவது 44,000 லிட்டர், கழிவுநீராகும்.

கட்டும் செலவு 40 லட்ச ரூபாய் என்று கொள்வோம். மக்கள் பங்கு 10 விழுக்காடு, 4 லட்சம். வீட்டுக்கு 2,000 ரூபாய். மீதி 36 லட்சம் மானியம். வீட்டுக்குக் கணக்கிட்டால் 18,000 ரூபாய்.

இனி மாதச் செலவு. மின்கட்டணம் 9,000, நீர் திறப்பவர் ஊதியம் 8,000, குளோரினும் சிறு பழுதும் 3,000. ஆக 20,000. மோட்டாரும் குழாயும் ஒருநாள் தேய்ந்தே தீரும். அதற்காகச் சேமநிதியில் மாதம் 4,000 சேர்ப்போம். மொத்தம் 24,000, வீட்டுக்கு 120 ரூபாய்.

குழாயின் ஆயுளை 30 ஆண்டு என்று கொண்டால், ஒரு வீடு அக்காலத்தில் செலுத்தும் மாதக் கட்டணம் 43,200 ரூபாய். அரசாங்கம் அவ்வீட்டுக்காகத் தந்தது 18,000. விலைவாசி ஏறுவதைச் சேர்த்தால் நம் தொகை இன்னும் கூடும். ஆகவே, ‘இலவசத் திட்டம்’ என்று நாம் பேசுவதில் பெரும் பங்குதாரர் நாமே. பெரும் பங்குதாரர் மகாசபைக்கு வராமல் இருப்பது எவ்வளவு பேதைமை!

மேலும் பாருங்கள். 200 வீடுகளில் 50 வீடுகள் கட்டணம் செலுத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரவு 18,000, செலவு 24,000. மாதம் 6,000 குறைவு. முதலில் சேமநிதிக்கு உரிய 4,000 நின்றுவிடும். அடுத்து குளோரின் வாங்குவது தள்ளிப்போகும். மோட்டார் எரிந்த நாளில் கையில் காசிராது. ஒழுங்காகச் செலுத்திய 150 வீட்டாரும் அன்று குடத்துடன் அலைவர். கடன் தவணை தவறிய சிலரால் முழுச் சங்கமும் முடங்கிய கதையை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

ஏழைக் குடும்பங்களின் நிலை வேறு. இயலாதோருக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமாயின், அதை மகாசபையில் தீர்மானித்து, அக்குறைவை யார் ஈடுசெய்வது என்றும் எழுதிவைக்க வேண்டும். சொல்லாமல் விடும் சலுகை கணக்கைக் கெடுத்துவிடும்.

6. நெசவாளரும் விவசாயியும்

சாயம் தோய்க்கும் பட்டறையின் நீரை வீட்டுக் கழிவுநீருடன் கலக்கக்கூடாது. உப்பும் சாயமும் கலந்த நீரைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் மாற்ற இயலாது. நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயநீர் கலந்ததனால், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகளும் மூடப்பட்டன. அங்கே பயிரிட்டவரும் இழந்தனர், சாயமிட்டவரும் இழந்தனர். ஒரே ஆற்றின் மேற்கரையும் கீழ்க்கரையும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்கள் போன்றவை.

விவசாயிக்கு இதில் ஊதியமும் உண்டு. முறையாக உலர்த்தி மக்கச் செய்து, பரிசோதனை செய்த கசடு வாழைக்கும் மரப்பயிருக்கும் உரமாகும். பச்சையாகத் தோட்டத்தில் கொட்டுவதோ கிருமியையும் புழுவையும் பரப்பும்.

7. சங்கம் செய்யக்கூடியவை

குடிநீர்த் திட்டம் வகுப்பது பேரூராட்சியின் கடமை. நம் சங்கத்தின் கடமை அன்று. ஆயினும் அங்கத்தினர் ஒன்றுகூடிச் செய்யக்கூடியவை உள.

முதலாவது, கிணறும் குழியும் எங்கெங்கே உள்ளன என்று தெருவாரியாக ஒரு படம் வரைதல். திட்ட அறிக்கை எழுதுவோருக்கு இதைவிட உதவியானது வேறில்லை.

இரண்டாவது, கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கச் செய்தல். ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு இப்பரிசோதனையில் பயிற்சி தர விதி உண்டு. அம்முறையை நம் மகளிர் அங்கத்தினர்களும் கற்கலாம்.

மூன்றாவது, மானியத் திட்டம் வரும்போது நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டல்: நீரின் ஊற்று கோடையிலும் போதுமா? கழிவுநீருக்கு வழி யாது? மாதச் செலவு எவ்வளவு? கணக்கைத் தணிக்கை செய்து எந்நாளில் மக்கள் முன் வைப்பீர்கள்?

நான்காவது, குழுக்களில் பெண்களை முன்னிறுத்துதல். ஜல் ஜீவன் விதிகளின்படி கிராமக் குடிநீர்க் குழுவில் பாதியளவு பெண்கள் இருக்க வேண்டும். குழாய் வறண்ட அன்று முதலில் அறிபவர் அவர்களே.

ஐந்தாவது, அருவிக்கு வரும் பெருங்கூட்டத்துக்குத் தக்க கழிப்பறையும் கழிவுநீர் வழியும் அமைந்துள்ளனவா என்று கண்காணித்தல். விருந்தினரின் அழுக்கு ஆற்றோடு போய்விடும் என்று நாம் இருந்தால், கீழேயுள்ள ஊரார் அதைக் குடிக்க நேரும்.

முடிவாக, மானியம் விதைநெல் போன்றது. கொடுத்தவரை வாழ்த்தி வாங்கலாம். உழுவதும் நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் நிலத்தை உடையவன் வேலை. திற்பரப்பின் நீர் நமக்கு மேலிருந்து தூயதாய் வருகின்றது. அதைக் கீழேயுள்ளோருக்குத் தூயதாய் அனுப்பி வைப்பது நம் பங்கு.

படிப்பு வட்டத்துக்கு உரிய கேள்விகள்

1. மானியம், கடன், மக்கள் பங்கு ஆகியவற்றின் வேறுபாடு யாது?

2. பாதாளச் சாக்கடைக்கு ஏன் அதிக நீர் வேண்டும்? நம் ஊருக்கு ஏற்ற முறை எது?

3. மேற்கூறிய சிற்றூரில் 20 வீடுகளுக்குக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தால், மாதக் குறைவு எவ்வளவு? மற்ற 180 வீடுகள் அதை ஏற்றால் வீட்டுக்கு எவ்வளவு கூடும்?

4. உங்கள் கிணற்றுக்கும், உங்கள் குழிக்கும், அடுத்த வீட்டுக் குழிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து வருக. அடுத்த கூட்டத்தில் அவ்வளவுகளை ஒப்பிடுவோம்.